மசினகுடிப் பக்கம் ஊர் மக்களே சுற்றுலா நடத்த முடியுமா?

நீலகிரியில் மசினகுடியை ஒட்டிய மாவனல்லாப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரில் படித்துவிட்டு இருக்கும் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர், அக்கம்பக்கத்து இருளர், குறும்பர் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு சுற்றுலா தொடங்கப் பார்க்கிறார்கள். ரிசார்ட்டுகளுக்குப் போன பணம் ஊருக்கு வரட்டும், அதனால் காடும் பிழைக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். இது நடக்குமா, நடக்குமென்றால் எதில் முதலில் கை வைப்பது என்பது கேள்வி.

நடக்கும். ஆனால் சுற்றுலாவைக் கடைசியில் வையுங்கள். காட்டின் மேல் ஊருக்கு உள்ள உரிமையை எழுத்தில் வாங்குவது முதல் வேலை. ஒரு பயணிகூட வராத மாதத்திலும் அடுப்பு எரிய வைக்கும் காட்டுத் தொழில் ஒன்று அடுத்தது. ஜீப், அறை, வழிகாட்டி எல்லாம் அப்புறம். இந்த வரிசை தலைகீழாகப் போனதால் என்ன ஆனது என்பதை உங்கள் ஊரே பார்த்திருக்கிறது.

மசினகுடியைச் சுற்றிய சீகூர் பீடபூமியில் வீட்டு வாசலில் யானை நிற்பதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர்களில் வெளியூர்க்காரர்களும் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன். நீலகிரி மலைச்சுவருக்கும் மாயாற்றுப் பள்ளத்துக்கும் நடுவில் கிடக்கிற, மழை குறைந்த, முள்ளும் புதருமான நிலம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் யானைகள் கிழக்குப் பக்கம் சத்தியமங்கலம் காடுகளுக்குப் போய்வர இந்த நிலத்தைத்தான் நம்பியிருக்கின்றன. அங்கேதான் ரிசார்ட்டுகள் முளைத்தன. வேலி வந்தது, மின்வேலி வந்தது, ராத்திரியில் விளக்கடித்து விலங்கு காட்டும் ஜீப் சவாரி வந்தது. 2010-ல் மாநில அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2018 ஆகஸ்டில் அதன் உத்தரவுப்படி ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14 அன்று வந்த தீர்ப்பு வழித்தடத்தை உறுதி செய்து, நில உரிமையாளர்களின் குறைகளைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது. அடுத்த சில மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மேல் எரியும் டயர் வீசப்பட்டு அது செத்துப்போனது. அந்தக் காணொளியைப் பார்த்தவர்களால் அதை மறக்க முடியாது.

இந்த வரலாற்றில் ஊர்க்காரர்களின் இடம் எது என்று யோசித்துப் பாருங்கள். அறை துடைத்தார்கள், சமைத்தார்கள், ஜீப் ஓட்டினார்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். எத்தனை அறை கட்டலாம், எங்கே வேலி போடலாம், ராத்திரி வண்டி போகலாமா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. சீல் வைத்தபோது மட்டும் கூலி இழந்தவர்கள் அவர்கள்தான். முதலாளிகளில் பலருக்கு வேறு ஊரில் வேறு தொழில் இருந்தது. ஆக, ஊர்க்காரருக்கு வேலை கொடுப்பதை ஊர்ச் சுற்றுலா என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முடிவு எடுப்பது யார், கணக்கு யார் கையில், 'இந்த மாதம் யாரும் வர வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? இந்த மூன்றுக்கும் ஊர் என்று பதில் வந்தால் அது உங்கள் சுற்றுலா. வராவிட்டால், முதலாளியின் பெயர் மட்டும்தான் மாறியிருக்கும்.

சட்டம் என்ன விடுகிறது என்று பார்க்கலாம். முதுமலை 1940-ல் சரணாலயமானது, 2007-ல் புலிகள் காப்பகமானது. உள்மண்டலம் 321 சதுர கிலோமீட்டர். மசினகுடியும் சீகூரும் அடங்கிய வெளிமண்டலம் ஏறக்குறைய 368 சதுர கிலோமீட்டர், அது 2010-ல் சேர்ந்தது. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கப் புலிகள் காப்பக உள்மண்டலங்களில் சுற்றுலாவை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் வந்த பிறகுதான் தடை விலகியது. உள்மண்டலத்தில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது என்பது அதில் ஒன்று. சுற்றுலாத் தொழிலிடமிருந்து கட்டணம் வாங்கி அதைப் பாதுகாப்புக்கும் உள்ளூர் மக்களுக்கும் செலவிட வேண்டும் என்பது இன்னொன்று. வனவிலங்குச் சட்டப்படி ஒவ்வொரு காப்பகத்துக்கும் புலிகள் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்று இருக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் அங்கேயே தங்கிச் செலவாக அதுதான் வழி. அந்தப் பணத்தில் ஊருக்கு எவ்வளவு, எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தயங்காமல் கேளுங்கள். கேட்காத ஊருக்கு அந்தப் பணம் தானாக வந்து சேராது.

தெப்பக்காட்டிலிருந்து போகும் சஃபாரி வனத்துறை கையில் இருக்கிறது, அதில் நீங்கள் நுழைய முடியாது, நுழைய வேண்டியதும் இல்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் பயணிகளை நடத்திக் கூட்டிப்போனால் வழக்கு வரும், அது ஒரு பக்கம். ஆளை யானை அடித்தால் போன உயிர் வராது.

இனி உரிமைக்கு வருகிறேன். நான் சொல்வதில் முக்கியமானது இதுதான்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தனி ஆள் நிலப் பட்டாவோடு நிற்பதில்லை. ஊர் காலங்காலமாகப் பயன்படுத்திக் காத்துவந்த காட்டைக் காக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கே உரிமை தருகிறது. தேன், கடுக்காய், நெல்லி, புளி, சீமாறுப் புல் எடுக்கிற உரிமையும் அதில் அடக்கம். புலிகள் காப்பகத்துக்குள்ளும் இந்த உரிமை செல்லும். தமிழ்நாட்டில் 2008-ல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்குவது பல ஆண்டு முடங்கிக் கிடந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகுதான் வழி திறந்தது. பக்கத்து மாநிலங்களை விட நாம் பின்தங்கியதற்கு இது பெரிய காரணம். நமக்குப் பக்கத்திலேயே, சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்து பிளிகிரிரங்கன் மலையில், சோளகர் ஊர்கள் 2011-லேயே புலிகள் காப்பகத்துக்குள் சமூக உரிமை வாங்கிவிட்டன. புலிகளும் அங்கே இன்றுவரை இருக்கின்றன.

உரிமை கையில் இல்லாத ஊர் சுற்றுலா தொடங்கினால் அது அதிகாரியின் தயவில் நடக்கும். நல்ல ரேஞ்சர் இருக்கும் வரை ஓடும், அவர் மாறினால் நிற்கும். இந்த மலையில் அப்படி நின்றுபோன நல்ல முயற்சிகள் உண்டு. அதோடு, வெளியேற்றம் என்ற பேச்சு வரும்போதும் இதே உரிமைதான் பிடிமானம். முதுமலை உள்மண்டலத்துக் குடியிருப்புகளிலிருந்து பணியர், காட்டுநாயக்கர், வயநாடன் செட்டிக் குடும்பங்கள் பலவற்றை வெளியே குடிவைத்தார்கள். ஒரு குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று இருந்த தொகை 2021-ல் பதினைந்து லட்சமானது. மக்களின் உரிமைகளை முதலில் அங்கீகரித்து, அவர்கள் மனமொப்பிய பிறகே இடம்பெயர்க்க வேண்டும் என்று வனவிலங்குச் சட்டமே சொல்கிறது. உரிமையே பதிவாகாதபோது எதை ஒப்புக்கொள்கிறோம் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்து, பயணிகள் இல்லாத நாளின் வருமானம். 2020-ல் கொரோனாவுக்காகக் காப்பகங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வறட்சி முற்றிய ஆண்டுகளில் தீ பயத்தால் முதுமலையை மூடுவதும் உண்டு. சுற்றுலாவை மட்டும் நம்பிய வீடு அந்த மாதங்களில் எங்கே போகும்? ஒரு சுருக்கு வைத்தால் ஒரு மான், விற்றால் கொஞ்சம் பணம் என்ற நினைப்பு பசியிலிருந்துதான் பிறக்கும்.

கோத்தகிரிப் பக்கம் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1993 முதல் இங்கே வேலை செய்யும் கீஸ்டோன் அறக்கட்டளை தேனில் தொடங்கியது. குறும்பர் பாறையில் இறங்கி எடுக்கும் மலைத்தேனுக்கு வியாபாரி கொடுத்த விலை மிகக் குறைவு. சுத்தமாக எடுப்பது, வடிப்பது, ஊரிலேயே சேர்த்து வைப்பது, நியாய விலைக்கு விற்பது என்று ஒவ்வொரு படியாக ஏறினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் பழங்குடியினரே பங்குதாரர்களாகவும் நிர்வாகிகளாகவும் இருக்கும் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம். 147 ஊர்களை எட்டும் அந்த நிறுவனத்துக்கு 2021-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. தேன், காப்பி, மிளகு, சிறுதானியம் என்று பல சரக்கு இருப்பதால் ஒன்று தவறினாலும் இன்னொன்று தாங்கும். தேன் எடுப்பவர்கள் கூட்டில் புழு இருக்கும் பகுதியை விட்டுவைப்பதும், சில பாறைகளை அந்த ஆண்டு தொடாமல் விடுவதும் பழைய வழக்கம். விலை சரியாகக் கிடைத்தால் அந்த வழக்கம் நிலைக்கும். விலை அடிமட்டமானால் இருப்பதையெல்லாம் வழித்தெடுக்கத்தான் தோன்றும்.

உங்கள் பக்கத்தில் உண்ணிச்செடி, அதாவது லாண்டனா என்ற அந்நியப் புதர், இருக்கிறது. சீகூரிலும் முதுமலையிலும் அது மூடாத இடம் குறைவு. புல் முளைக்காது, மான் மேயாது, புதருக்குள் யானை நிற்பது கண்ணுக்குத் தெரியாமல் ஆட்கள் சாகிறார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள் அதே உண்ணிச்செடித் தண்டில் நிஜ அளவில் யானைகளைச் செய்தார்கள். 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன, பிறகு அமெரிக்காவுக்கும் போயின. எல்லா ஊரும் யானை செய்ய முடியாது, சரி. நாற்காலி, கூடை செய்யலாம், வெட்டி அகற்றும் கூலி வேலையை ஊர்க்குழுவே மொத்தமாக எடுக்கலாம். அதுபோலவே பரவிய அந்நிய மரமான மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலையும் இந்தக் காப்பகத்தில் நடந்திருக்கிறது. வெட்டிய இடத்தில் புல் திரும்ப வருகிறதா என்று ஆண்டாண்டாகப் பார்த்துக் குறித்துவைக்க ஊர்க்காரரை விடப் பொருத்தமான ஆள் கிடையாது.

பாறு கழுகையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தென்னிந்தியாவில் அது கூட்டமாகக் கூடு கட்டும் முக்கியமான இடம் உங்கள் மாயாற்றுப் பள்ளம்தான். ஆற்றோரத்து நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது, ஆண்டுக்கு ஒரே முட்டை. மாட்டுக்குப் போடும் டைக்ளோபெனாக் ஊசி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். 2023-ல் அதே வகை வலி மருந்துகளான கீட்டோபுரோபெனும் அசிக்ளோபெனாக்கும் தடைக்கு உள்ளாயின. ஆனால் புலி அடித்த மாட்டின் மேல் கோபத்தில் விஷம் தெளித்தால் புலியும் சாகும், அதைத் தின்ன வரும் பாறுகளும் சாகும். 2023 செப்டம்பரில் எமரால்டு பக்கம் அப்படித்தான் இரண்டு புலிகள் செத்தன. பட்டி வைத்திருக்கும் மாட்டுக்காரர் மனம் வைக்காமல் பாறு கழுகுகளைக் காப்பாற்ற எந்தத் துறையாலும் முடியாது. ஆகையால் உங்கள் குழுவில் மாட்டுக்காரர்கள் முதல் வரிசையில் இருக்க வேண்டும். மாடு போனால் இழப்பீட்டு மனுவை அன்றைக்கே எழுதி, படம் எடுத்து, ரேஞ்ச் ஆபீசில் கொடுக்க ஒரு இளைஞர் பொறுப்பேற்றால் அது நூறு விழிப்புணர்வுக் கூட்டத்துக்குச் சமம்.

கேரளத்துத் தேக்கடியை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள், நானும் காட்டுகிறேன். 1990-களின் கடைசியில் உலக வங்கிக் கடனோடு வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், அங்குள்ள பெரியாறு காப்பகத்தில் வயணப்பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) திருடிக்கொண்டிருந்தவர்கள் வனத்துறையிடம் சரணடைந்தார்கள். அவர்களுக்கு ஒரு குழு அமைத்துக் கொடுத்தார்கள். இன்று அவர்கள் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகிறார்கள், போகிற வழியில் அது ரோந்தாகவும் ஆகிவிடுகிறது. கூடவே, கூலி வாங்காமல் சந்தன மரங்களுக்குக் காவல் சுற்றும் வசந்த சேனைப் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெண்கள் மேல்தான் அதிக மரியாதை. ஆனால் பெரியாற்றில் ஏற்கெனவே ஏரியும் படகும் பெருங்கூட்டமும் இருந்தன, வருமானத்தைக் கையாள ஒரு அறக்கட்டளையை மாநிலமே நிறுவியது. அந்த அடித்தளம் இல்லாமல் மேல்பகுதியை மட்டும் சீகூருக்குத் தூக்கிவர முடியாது.

அதைவிட எனக்கு நெருக்கமான உதாரணம் கோத்தகிரியின் லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர், அவ்வளவுதான். சுற்றிலும் தேயிலையும் வீடும். கீழே இருக்கும் ஊர்களின் குடிதண்ணீர் அங்கிருந்து ஊறி வருகிறது. சோலை போனால் ஊற்றும் போகும் என்று புரிந்துகொண்ட உள்ளூர்க்காரர்கள் காவல் குழு அமைத்தார்கள். மரம் வெட்டுவதைத் தடுத்தார்கள், சீகை (வாட்டில்) மரத்தையும் மற்ற அந்நியச் செடிகளையும் பிடுங்கினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். 2024-ல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. அந்தச் சோலை நுழைவுச்சீட்டுப் பணத்தில் பிழைக்கவில்லை, தண்ணீர் குடிக்கிறவர்களால் பிழைத்தது. உங்கள் ஊருக்கும் காட்டிலிருந்து அப்படி ஏதாவது வருகிறதா என்று தேடிப் பாருங்கள். தண்ணீரோ, மேய்ச்சலோ, தேனோ, குலசாமியோ இருக்கும். அதைச் சுற்றிக் கட்டினால் கட்டடம் நிற்கும்.

இதெல்லாம் ஆன பிறகு சுற்றுலா. சிறியதாக வையுங்கள். இப்போது நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீதிமன்றம் விதித்த வரம்பே சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு வேண்டியது விடிகாலையில் எழுந்து சத்தம் போடாமல் நடக்கத் தயாரான நாலைந்து பேர் மட்டும். வருவாய் நிலத்திலும் ஊர் ஓரத்திலும் பறவை பார்க்கும் நடை, ராகிக் களியும் அவரைக் குழம்பும் போட்டு ஒரு வீட்டுச் சாப்பாடு, உண்ணிச்செடி வெட்டிய இடத்தைக் காட்டி விளக்குவது, தூரத்து மேட்டிலிருந்து பாறு பறப்பதைப் பார்ப்பது. இவ்வளவே போதும். கூடு இருக்கும் மரத்தடிக்கு யாரையும் கூட்டிப்போகாதீர்கள், எவ்வளவு பணம் கொடுத்தாலும். ராத்திரி சவாரி வேண்டாம். ஆடல் பாடலைப் பயணிகளுக்காக நடத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சடங்கு சடங்காக இருக்கட்டும்.

வழிகாட்டிக் கூலியைத் தாராளமாக வையுங்கள். 2021-ல் மனிதர்களைக் கொன்ற டி-23 புலியை டிரோனும் கேமராவும் வைத்து நாட்கணக்கில் தேடினார்கள். அக்டோபர் 15 அன்று மசினகுடிப் பக்கம் அதைப் பிடித்ததில் தடம் பார்க்கத் தெரிந்த பழங்குடிக் காவலர்களின் பங்கு பெரியது. அந்த அறிவுக்குத் தினக்கூலிக் கணக்கு பொருந்தாது. ஒரு நடைக்கு இரண்டு வழிகாட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர், இருவருக்கும் விபத்துக் காப்பீடு. வரும் பணத்தில் ஒரு பங்கு நேராக ஊர்ப் பொதுக் கணக்கில் விழ வேண்டும். அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர்களில் ஒரு பெண் கட்டாயம் இருக்கட்டும். கணக்கை மாதாமாதம் ஊர்க் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். புதிதாக அறை கட்டும் ஆசை வரும். வழித்தட நிலமா என்று பார்க்காமலும், மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி பற்றி விசாரிக்காமலும் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். இருக்கிற வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுக்க நினைத்தாலும் பதிவும் அனுமதியும் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எதில் முதலில் கை வைப்பது என்றால், ஊர்க் கூட்டத்தில். மசினகுடி ஊராட்சி பெரியது, அதன் கிராம சபையில் உங்கள் குடியிருப்பின் குரல் அமுங்கிப்போகும். குடியிருப்புகளைத் தனித்தனியாகப் பட்டியலிட வன உரிமைச் சட்டத்தின் 2012-ல் திருத்திய விதிகள் இடம் தருகின்றன, அதைக் காட்டி உங்கள் குடியிருப்புக்கே சபை கூட்டக் கேளுங்கள். பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவுக்குப் பத்து முதல் பதினைந்து பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர். உங்கள் நண்பர்களில் பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதை இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பின்னால் சண்டை வர அதுதான் காரணமாகும்.

ஊர்க் காட்டுக்கான மனு படிவம் சி. கிராம சபைத் தீர்மானத்தோடு அது கோட்ட அளவுக் குழுவுக்கும், அங்கிருந்து கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். அதற்கு எல்லை வரைபடம் வேண்டும். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, சாமி இருக்கும் இடம், இடுகாடு, பழைய பட்டி, தேன்பாறை, ஊற்று ஒவ்வொன்றையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். கும்பிடும் இடங்களும் இடுகாடுகளும் பெரியவர்களின் எழுதி வாங்கிய வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படும் என்று விதியிலேயே இருக்கிறது. மழைக்கு அப்புறம் புதர் ஏறிவிட்டால் அந்த நடை ஆபத்து. பனி விலகி, தீக்காலம் தொடங்கும் முன் முடித்துவிடுங்கள், போகிற நாளை வனக்காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.